எலிக்குத் திரும்பிய நினைவாற்றல் அம்மாவுக்கும் திரும்புமா?

கேள்வி: என் அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வயது 72. மூன்று ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் நோய் என்று உறுதி செய்தார்கள். அண்மையில் எடுத்த நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 16 மதிப்பெண் பெற்றார். எலிகளின் மூளையில் ஒரு நொதியைத் தடுத்து, இழந்த நினைவாற்றலை மீட்டிருக்கிறார்கள் என்று ஒரு செய்தி படித்தேன். அந்த மருந்து எப்போது வரும்? அதே நொதியைத் தடுக்கும் என்று சொல்லி, வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி சோடியம் பியூட்டிரேட் மாத்திரைகளை அனுப்புகிறேன் என்கிறான். கொடுக்கலாமா? மூளையில் படிந்த அமிலாய்டை நீக்கும் ஊசியை அம்மாவுக்குப் போடலாமா? இப்போது அவர் சாப்பிடுபவை: மறதிக்கு டோனெபெசில் 10 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், சிறுநீரை அடக்க முடியாததால் நான்கு மாதங்களாக ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின்.
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஆனால் அவற்றைவிட, கடிதத்தின் கடைசியில் நீங்கள் சேர்த்திருக்கும் மாத்திரைப் பட்டியல்தான் என்னை உடனே எழுத வைத்தது. அதில் உள்ள ஆக்ஸிபியூட்டினினும் அமிட்ரிப்டிலினும் டோனெபெசில் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலையைச் செய்பவை. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த மாதச் சோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல், இந்த வாரமே அம்மாவின் மருத்துவரிடம் இந்த இரண்டையும் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் படித்த செய்தி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லி-ஹுவே சாய் என்ற நரம்பியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் பணியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் நூல்கண்டில் நூல் சுற்றியிருப்பதைப் போலச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று தளர்ந்திருக்கும் இடங்களில் உள்ள மரபணுக்களை மட்டுமே உயிரணு படித்து, அவற்றுக்குரிய புரதங்களைச் செய்ய முடியும். ஹிஸ்டோன்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகள் அந்தச் சுற்றைத் தளர்த்துகின்றன, ஹெச்.டி.ஏ.சி. எனப்படும் நொதிகள் அந்தத் தொகுதிகளைக் களைந்து சுற்றை இறுக்குகின்றன. இந்த நொதிகளில் ஒன்றான ஹெச்.டி.ஏ.சி.2 நரம்பணுக்களில் மிகையாக இருந்த எலிகளுக்கு, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ் இணைப்புகள் குறைந்து நினைவாற்றலும் மங்கியது என்று 2009-இல் அந்த ஆய்வுக்கூடம் காட்டியது. 2012-இல், அல்சைமர் நோயோடு இறந்தவர்களின் மூளையிலும் இந்த நொதி கூடியிருப்பதையும், நோயுள்ள எலிகளில் அதைக் குறைத்தால் நினைவாற்றல் மீள்வதையும் அவர்கள் வெளியிட்டார்கள். 2017-இல் வந்த அடுத்த கட்டுரைதான், மருந்து தேடுபவர்களின் பார்வையில் மிக முக்கியமானது. இந்த நொதியைச் சினாப்ஸ் தொடர்பான மரபணுக்களிடம் கொண்டு சேர்ப்பது எஸ்.பி.3 என்னும் வேறொரு புரதம் என்றும், இரண்டும் சேரவிடாமல் தடுத்தாலே எலிகளில் சினாப்ஸ்களின் செயல்பாடும் நினைவாற்றலும் மேம்படுகின்றன என்றும் அது சொன்னது.

நொதியையே தடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. தோலில் தொடங்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வோரினோஸ்டாட் அப்படிப்பட்டதே. ஆனால் அது அந்த நொதிக் குடும்பத்தில் பலவற்றையும் சேர்த்துத் தடுப்பதால், ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, கடுமையான சோர்வு வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. புற்றுநோயாளி சில மாதங்களுக்குப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பக்கவிளைவை, மறதியுள்ள ஒரு முதியவர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த மருத்துவரும் கேட்க முடியாது. ஆகவேதான் நொதியை விட்டுவிட்டு, அது மூளையில் தன் துணைப்புரதத்தோடு சேரும் அந்த ஓரிடத்தை மட்டும் குறிவைக்க முயல்கிறார்கள். இரண்டு பெரிய புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் பரப்புக்கு நடுவே நுழைந்து பிரிக்கவும் வேண்டும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடுப்பைத் தாண்டவும் வேண்டும் என்று ஒரு சிறிய மூலக்கூறிடம் எதிர்பார்ப்பது மருந்து வேதியியலில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று.

இந்தப் பாதையை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அல்சைமர் மூளையில் அமிலாய்டு என்னும் புரதத்தின் படிவங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டிலும், சினாப்ஸ்கள் எவ்வளவு அழிந்திருக்கின்றன என்பதே ஒருவருடைய மறதியின் தீவிரத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது என்பதை 1990-களின் தொடக்கத்திலேயே ராபர்ட் டெரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டிவிட்டார்கள். அப்படியானால் நோயைத் தொடங்கி வைப்பதைத் தாக்கும் இலக்குகள் ஒரு வகை. நோய் வந்த மூளையில் எஞ்சியிருக்கும் நரம்பணுக்களை நினைவுப் பணியைத் தொடரச் செய்யும் இலக்குகள் இன்னொரு வகை. உங்கள் அம்மாவைப் போல நோய் நடுக்கட்டத்தை அடைந்துவிட்டவர்களுக்கு இரண்டாவது வகையே அதிகம் தேவை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் பணமும் உழைப்பும் பெரும்பாலும் முதல் வகைக்கே சென்றன. இந்தச் சமநிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இருப்பினும், எலியில் மீண்டது மனிதரில் மீளும் என்று உங்களிடம் சொல்ல என்னால் இயலாது. ஆய்வுக்கூட எலிகளுக்கு அல்சைமர் நோய் தானாக வருவதில்லை. மனித மரபணு ஒன்றைப் புகுத்தியோ, நரம்பணுவைச் சிதைக்கும் ஒரு புரதத்தைத் தூண்டியோ நோயின் ஒரு பகுதியை மட்டும் அதற்குள் உண்டாக்குகிறோம். அந்தச் சேதம் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிகழ்ந்தது. மனித மூளையிலோ, முதல் மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. பிறகு டௌ என்னும் புரதம் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொள்கிறது, அழற்சி சேருகிறது, ரத்தக்குழாய்களும் பழுதாகின்றன. இறந்துபோன நரம்பணுவை எந்த இலக்கும் எழுப்பாது. எஞ்சியிருப்பவை நன்றாக இயங்கினால் புதியதைக் கற்பதும் பழையதை நினைவுகூர்வதும் ஓரளவு எளிதாகலாம் என்பதே இந்த வகை மருந்துகளிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது.

தம்பி அனுப்பவிருக்கும் சோடியம் பியூட்டிரேட்டுக்கு வருகிறேன். அவர் அதைக் கற்பனையிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. 2007-இல் இதே ஆய்வுக்கூடம், நரம்பணுக்களை இழந்த எலிகளுக்கு அந்தப் பொருளைக் கொடுத்தபோது கற்கும் திறனும் பழைய நினைவுகளும் ஓரளவு மீண்டதாக வெளியிட்டது. ஆனால் எலிகளுக்கு அது ஊசி வழியாக, உடல் எடையோடு ஒப்பிட்டால் மிக அதிக அளவில் செலுத்தப்பட்டது. வாயால் விழுங்கும் பியூட்டிரேட்டைப் பெரும்பாலும் குடலின் உயிரணுக்களே எரிபொருளாகச் செலவிட்டுவிடும். மிஞ்சியதைக் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். மூளையை எட்டுவது மிகச் சொற்பம். அத்துடன் அது ஹெச்.டி.ஏ.சி. நொதிகளில் பலவற்றையும் ஒருசேரத் தடுக்கும் பழைய வகைப் பொருள். மேலே சொன்ன அந்த நுட்பமான இலக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே கொடுக்க வேண்டாம். தம்பியின் அன்பை மறுப்பதாக அவர் எடுத்துக்கொள்ளாதபடி இந்தக் காரணங்களை அவரிடம் சொல்லுங்கள். அதே பணத்தில் அம்மாவுக்கு உதவக்கூடிய வேறொன்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எப்போது வரும் என்ற கேள்விக்கு ஒரு நடந்த கதையைச் சொல்வதே பொருத்தம். சுவீடனின் வடபகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அல்சைமர் வந்துகொண்டிருந்தது. லார்ஸ் லான்ஃபெல்ட் தலைமையிலான குழு அவர்களிடம் ஒரு மரபணுப் பிறழ்வைக் கண்டது. அந்தப் பிறழ்வில், கரையும் நிலையில் மிதக்கும் சிறு அமிலாய்டுத் திரள்கள் மிகுதியாக உருவாகின்றன என்பதை 2001-இல் வெளியிட்டார்கள். படிந்துபோன அமிலாய்டைவிட இந்தத் திரள்களே நச்சு மிகுந்தவையாக இருக்கலாம், அவற்றையே குறிவைக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அந்தத் திரள்களோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்று முதலில் எலியில் உருவாக்கப்பட்டு, பிறகு மனித உடல் ஏற்கும்படி மாற்றப்பட்டு, பல கட்டச் சோதனைகளைக் கடந்து, லெக்கனெமாப் என்ற பெயரில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது 2023 ஜூலையில். இருபத்திரண்டு ஆண்டுகள். இது வெற்றிபெற்ற இலக்கின் கதை. வெற்றிபெறாதவை பல மடங்கு அதிகம். 2002-க்கும் 2012-க்கும் இடையே அல்சைமருக்காகச் சோதிக்கப்பட்ட மருந்துகளில் 99.6 விழுக்காடு தோற்றன என்று ஒரு கணக்கெடுப்பு காட்டியது. எஸ்.பி.3 தொடர்பான இலக்கு மனிதச் சோதனையை எட்டி, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், அது உங்கள் அம்மாவின் காலத்துக்குள் மருந்துக் கடைக்கு வரும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம்.

தோற்றவற்றில் சில, இலக்கு தவறாமலே தோற்றவை என்பதுதான் வேதனை. அமிலாய்டை வெட்டி உருவாக்கும் காமா செக்ரிடேஸ் என்னும் நொதியைத் தடுத்த செமகாசெஸ்டாட் 2010-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அதே நொதி, உயிரணுக்கள் வளர்ந்து முதிர்வதற்குத் தேவையான நாட்ச் என்னும் புரதத்தையும் வெட்டுகிறது. மருந்து எடுத்தவர்களுக்கு மறதி கூடியது, தோல் புற்றுநோயும் அதிகரித்தது. பேஸ் என்ற மற்றொரு நொதியைத் தடுத்த வெருபெசெஸ்டாட், தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. ஆனால் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு நினைவாற்றல் சற்று மோசமாகவே செய்தது. ஒரு நொதிக்கு உடலில் வேறு என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அதைத் தடுக்கக் கூடாது என்பதை இந்தச் சோதனைகளில் கலந்துகொண்ட ஆயிரக்கணக்கான நோயாளிகள் தங்கள் உடலால் நமக்குக் கற்பித்தார்கள். அவர்களுக்கு இந்தத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

இதனால்தான், ஒரு புதிய இலக்கைப் பற்றிப் படிக்கும்போது மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்று உண்டா என்று நான் முதலில் தேடுகிறேன். மனித மரபணுச் சான்று உள்ள இலக்குகள் மருந்தாக வெற்றிபெறும் வாய்ப்பு மற்றவற்றைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்று 2024-இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு சொல்கிறது. ஐஸ்லாந்தில் சிலரிடம் உள்ள ஓர் அரிய மரபணு மாற்றம் அமிலாய்டு உருவாவதைக் குறைத்து, முதுமையில் அவர்களை அல்சைமரிலிருந்து காக்கிறது என்று 2012-இல் தெரிந்தது. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் அதைவிட வியப்பான ஒன்று நிகழ்ந்தது. அங்கே பிரெசெனிலின் 1 என்ற மரபணுவின் பிறழ்வு ஒரு பெரும் உறவுக்கூட்டத்தில் பரவியிருப்பதால், பலருக்கு நாற்பத்தைந்து வயதை ஒட்டியே மறதி தொடங்கிவிடுகிறது. ஃபிரான்சிஸ்கோ லோபெரா என்ற மருத்துவர் அந்தக் குடும்பங்களோடு பல பத்தாண்டுகள் உழைத்தார். அதே பிறழ்வைக் கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் எழுபது வயதைத் தாண்டும்வரை மறதி வரவில்லை. அவருடைய மூளையில் அமிலாய்டு ஏராளமாக இருந்தது. டௌ மட்டும் குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, ஏபோ-இ என்ற மரபணுவில் அவருக்கு இரு பெற்றோரிடமிருந்தும் வந்த ஓர் அரிய மாற்றம் தென்பட்டது. 2019-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பு, அமிலாய்டிலிருந்து டௌ வரை செல்லும் பாதையை நடுவில் துண்டிக்க முடியும் என்பதற்கு இயற்கையே நடத்திக் காட்டிய சோதனை. அந்த மாற்றத்தின் விளைவை மருந்தால் கொண்டுவர இப்போது முயன்று வருகிறார்கள். எலியில் பெற்ற பத்து வெற்றிகளைவிட, இந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

அமிலாய்டை நீக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன லெக்கனெமாப் அப்படிப்பட்ட ஊசிதான். அதன் முக்கியச் சோதனையில் 1,795 பேர் பங்கேற்றார்கள். பதினெட்டு மாத முடிவில், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே 0.45 புள்ளி வேறுபாடு இருந்தது. அதாவது இரு தரப்பினருக்குமே நோய் முன்னேறியது. மருந்து பெற்றவர்களுக்கு 27 விழுக்காடு மெதுவாக முன்னேறியது. மருந்து பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பலருக்கு அது தொல்லை தரவில்லை என்றாலும், சிலருக்கு அபாயமாக முடிந்தது. அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் உங்கள் அம்மா எழுதிய அதே வகைச் சோதனையில் 22-ஓ அதற்கு மேலோ பெற்றவர்கள். 16 என்ற நிலையில் அந்த ஊசி பயன் தரும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். சொத்தை விற்றோ கடன் வாங்கியோ இதைத் தேடிப் போக வேண்டாம் என்று உங்களிடம் உறுதியாகச் சொல்கிறேன்.

இனி அந்த மாத்திரைப் பட்டியல். அல்சைமரில் மருந்தாக முதன்முதலில் பலன் தந்த இலக்கு நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சார்ந்தது. நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கும் ஸ்கோபலமைன், அந்த வேதிப்பொருள் வந்து ஒட்ட வேண்டிய ஏற்பிகளை அடைத்துவிடும். 1974-இல் அதை இளவயதினருக்குச் சிறிதளவு கொடுத்தபோது, அவர்களுடைய நினைவாற்றல் தற்காலிகமாக முதியவர்களுடையதைப் போல ஆனது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் எடின்பரோ, லண்டன், நியூகாசில் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதி மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். இருக்கும் கொஞ்ச அசிட்டைல்கோலினும் சிதைந்துவிடாமல் காப்பாற்றினால் என்ன என்ற கேள்வியிலிருந்து 1993-இல் டாக்ரின் வந்தது. அது கல்லீரலைப் பாதித்ததால், 1996-இல் வந்த டோனெபெசில் அதன் இடத்தைப் பிடித்தது. இந்த மருந்தின் பலன் சிறியது: 70 புள்ளி அளவுகோலில், ஏறத்தாழ ஆறு மாதத்தில், சராசரியாக 2.7 புள்ளி அளவுக்கே வேறுபாடு. ஆனாலும் அது உண்மையான பலன்.

ஆக்ஸிபியூட்டினின் செய்வது என்ன? சிறுநீர்ப்பையில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைத்து அதன் துடிப்பைத் தணிக்கிறது. மூளைக்குள்ளும் எளிதாக நுழைந்து அங்கிருக்கும் ஏற்பிகளையும் அடைக்கிறது. அமிட்ரிப்டிலினுக்கும் இதே இயல்பு உண்டு. டோனெபெசில் பாடுபட்டு மிச்சப்படுத்தும் அசிட்டைல்கோலின், போய்ச் சேர வேண்டிய இடத்தில் கதவு சாத்தியிருப்பதைக் காண்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுநீர் அவசரம் டோனெபெசிலின் பக்கவிளைவாகவே வரக்கூடும். அதைத் தனி நோயாகக் கருதி இன்னொரு மாத்திரை சேர்ப்பது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. அம்மாவுக்கு இந்தத் தொல்லை டோனெபெசிலின் அளவைக் கூட்டிய பிறகு தொடங்கியதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று உண்டா என்று ஒரு சோதனையும் செய்யச் சொல்லுங்கள். மருந்து தேவைதான் என்றால், அசிட்டைல்கோலினைத் தொடாமல் வேறு ஏற்பி வழியாக வேலை செய்யும் மிராபெக்ரான் இருக்கிறது. அது ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தக்கூடும் என்பதால், அம்மாவுக்கு ஏற்றதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் இதே எதிர்க்கட்சியைச் சேர்ந்தது. வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

தம்பியின் பணத்துக்கு நான் சொன்ன வேறு வழி இதுதான். 2007-ஆம் ஆண்டின் அந்த எலி ஆய்வில் ஊசி போடாத இன்னொரு குழு இருந்தது. விளையாட்டுப் பொருள்களும் ஓடும் சக்கரங்களும் துணை எலிகளும் உள்ள கூண்டில் விடப்பட்ட அந்த எலிகளுக்கும் நினைவாற்றல் மீண்டது. அவற்றின் மூளையிலும் ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதிகள் கூடியிருந்தன. மனிதரில் இதோடு ஒப்பிடத் தக்கது, சிறு குழுவாக அமர்ந்து பாட்டு, பழைய நிகழ்ச்சிகள், உணவு, பணக் கணக்கு என்று தலைப்பு வாரியாகப் பேசியும் செய்தும் பழகும் அறிவுத் தூண்டல் சிகிச்சை. வாரம் இருமுறையாகப் பதினான்கு அமர்வுகள் கொண்ட இந்த முறை, இலேசான, மிதமான மறதியுள்ளவர்களுக்கு டோனெபெசில் போன்ற மருந்துகளோடு ஒப்பிடத் தகுந்த பலன் தந்ததாக இங்கிலாந்துச் சோதனைகள் காட்டின. சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு இதைத் தமிழர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்து நடத்தியிருக்கிறது. திருச்சியில் பயிற்சி பெற்றவர் கிடைக்காவிட்டால், வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்காரும் ஒருவருக்கு அந்தப் பணத்தில் ஊதியம் கொடுக்கலாம். தமிழாசிரியையாக வாழ்ந்தவரிடம் ஒரு செய்யுளின் முதலடியைச் சொல்லி அடுத்த அடியைக் கேட்பது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதைவிட மேலானது. முதலாவது அவருக்கு வரும். இரண்டாவது வராமல் போகும்போது அவர் வெட்கப்படுவார்.

மருத்துவரைப் பார்க்கும்போது எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு சோதனைகள் அண்மையில் எடுக்கப்படவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டோனெபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், அம்மாவுக்கு மயக்கமோ தலைச்சுற்றலோ வந்ததுண்டா என்பதைச் சொல்லி, ஓர் இ.சி.ஜி.யும் கேளுங்கள். அதை இரவில் கொடுக்கிறீர்கள் என்றால், கெட்ட கனவும் தூக்கக் கேடும் அதனாலேயே வரலாம். காலைக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றினால் தூக்க மாத்திரைக்கே தேவையில்லாமல் போகலாம்.